வேலிக்கு உள்ளே ஒரு டெண்ட்: நமீபியா, போட்ஸ்வானா கேம்பிங் சஃபாரி

சஃபாரி கம்பெனிகள் அனுப்பும் பயணத்திட்டத்தில் நம் கண் முதலில் இடங்களின் பட்டியலுக்குத்தான் போகும். சோசுஸ்ஃப்ளேய் மணற்குன்றுகள் இருக்கிறதா, எட்டோஷா பூங்கா இருக்கிறதா, ஒகவாங்கோ டெல்டா இருக்கிறதா என்று டிக் போட்டுக்கொண்டே போவோம். நமீபியாவுக்குப் போய்வந்த பிறகு யார் கேட்டாலும் நான் சொல்வது வேறு. பட்டியலை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு ராத்திரியும் டெண்ட் எங்கே அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். பூங்காவின் வேலிக்கு உள்ளேயா, இல்லை வெளியே இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தனியார் இடத்திலா? கட்டிய பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பது பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

காரணம், தூரம். தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு பரப்புள்ள நாடு நமீபியா. மக்கள்தொகை சுமார் 30 லட்சம்தான். தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து, சோசுஸ்ஃப்ளேய்க்கு நுழைவாயிலான செஸ்ரியம் வரை 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதில் பெரும்பகுதி சரளைச் சாலை. வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த அந்தச் சாலையில் டிரக் அதிர ஆரம்பித்ததும், கைடு மைக்கை எடுத்து, "இது ஆப்பிரிக்க மசாஜ், தனிக் கட்டணம் கிடையாது" என்றார். அங்கே எல்லா கைடுகளும் சொல்லும் ஜோக்காம். எங்களுக்குப் புதுசு, சிரித்தோம். அப்புறம் வந்த நாட்களில் அவரே சொல்வதை நிறுத்திவிட்டார். இப்படி நாளின் பாதி வண்டியிலேயே போய்விடுகிற நாட்டில், மிருகங்கள் நடமாடும் விடியலும் அந்தியும் மட்டுமாவது நம் கையில் இருக்க வேண்டும். டெண்ட் கேட்டுக்கு வெளியே இருந்தால் அந்த இரண்டும் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும்.

செஸ்ரியத்தில் இது கண்கூடாகத் தெரியும். அங்கே இரண்டு கேட். வெளி கேட் சூரிய உதயத்தில்தான் திறக்கும். அதற்கு உள்ளே இருக்கும் முகாமில் தங்குகிறவர்களுக்கு உள் கேட்டை ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னாலேயே திறந்துவிடுவார்கள். கேட்டிலிருந்து சோசுஸ்ஃப்ளேய்க்கு 60 கிலோமீட்டருக்கு மேல், கடைசி சில கிலோமீட்டர் வெறும் மணல், நான்கு சக்கர இழுவை வண்டி மட்டுமே போகும். உதயத்துக்குக் கிளம்புகிறவர்கள் போய்ச் சேரும்போது மணற்குன்றின் நிழல் பக்கம் சுருங்கத் தொடங்கியிருக்கும். நாங்கள் இருட்டிலேயே கிளம்பி, 45-ஆம் கிலோமீட்டரில் இருப்பதால் 'டியூன் 45' என்று பெயர் வாங்கிய குன்றின் அடியில் நின்றபோது கிழக்கே லேசாகத்தான் வெளுத்திருந்தது.

மணற்குன்று ஏறுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்னால் போனவரின் காலடிக் குழியிலேயே காலை வைத்து, முகட்டின் கூர்மேலேயே நடக்க வேண்டும். சரிவில் ஏறப் பார்த்தால் இரண்டடி வைத்தால் ஒன்றரை அடி கீழே வரும். குளிர்காலக் காலையில் மணல் ஜில்லென்று இருக்கும், ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு ஏறுவது சுகம். ஷூவோடு ஏறினால் மேலே போவதற்குள் ஆளுக்கு அரைப்படி மணல். ஆனால் ஷூவைக் கையோடு கொண்டுபோங்கள். பத்து மணிக்கு மேல் மணல் சுட ஆரம்பித்துவிடும், கோடையில் பாதம் கொப்பளிக்கும்.

அந்த மணலின் கதையே தனி. தெற்கே ஆரஞ்சு ஆறு கடலுக்குக் கொண்டுவந்த மணலைக் கடலோட்டம் வடக்கே தள்ளி, காற்று நிலத்துக்குள் ஊதி ஊதிக் குவித்ததுதான் இவ்வளவும். கடலோரத்தில் வெளிறிய மஞ்சளாக இருப்பது உள்ளே போகப் போகச் செங்கல் நிறமாகிறது. மணலின் மேல் படிந்த இரும்புத் துருதான் அந்த நிறம். இந்த மணற்கடலை 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

டெட்ஃப்ளேய் பற்றிப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் களிமண் தரை, கறுத்த பட்டமரங்கள், பின்னால் சிவந்த குன்று. முன்பு சௌஹாப் ஆற்றின் வெள்ளம் இங்கே வந்து தேங்கியிருக்கிறது. பிறகு மணல் குறுக்கே வந்து வழியை அடைத்துவிட, முள்மரங்கள் செத்துப்போயின. செத்துப் பல நூற்றாண்டு ஆகியும் விழவில்லை, ஏனென்றால் மக்குவதற்குக்கூட ஈரம் வேண்டும். அதைப் படம் எடுக்கிறவர்கள் சிலர் மரத்தின் மேல் சாய்ந்தும் கிளையைப் பிடித்துத் தொங்கியும் நின்றார்கள். எங்கள் கைடு கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பக்கத்திலேயே 'பிக் டாடி' குன்று, 300 மீட்டருக்கு மேல் உயரம். ஆசைப்பட்டால் அதை முதலில் ஏறிவிட்டு டெட்ஃப்ளேய்க்குச் சரிவில் இறங்குவதுதான் சரியான வரிசை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இனி டெண்ட் விஷயம். எங்களுடையது 'பங்கேற்பு' வகை. அதாவது டெண்ட் அடிப்பது, பாத்திரம் கழுவுவது, வண்டியில் சாமான் ஏற்றுவது எல்லாம் பயணிகளே முறை வைத்துச் செய்ய வேண்டும். சமைப்பவரும் ஓட்டுநரும் கைடும் உண்டு, ஆனால் பணிவிடைக்கு ஆள் கிடையாது. இது பிடிக்காதவர்கள் 'சர்வீஸ்டு கேம்பிங்' என்று தனியாக இருப்பதைப் பார்க்கலாம், விலை கூடுதல். எனக்கு முதல் வகைதான் சரி என்று படுகிறது. முதல் நாள் ராத்திரியே எல்லாரும் ஒருவருக்கொருவர் கம்பி பிடித்துக் கொடுத்துப் பழகிவிடுகிறோம்.

அந்த டெண்ட் நம் ஆன்லைன் கடைகளில் விற்கும் இரண்டு கிலோ நைலான் சமாச்சாரம் இல்லை. தடித்த கேன்வாஸ், இரும்புக் கம்பி, இரண்டு பேர் தூக்க வேண்டும். அடிப்பதற்கு முன்னால் தரையைக் காலால் நன்றாகத் தடவிப் பாருங்கள். முள்மரத்தின் முள் கேன்வாஸைத் தாண்டி மெத்தைக்குள் வரும். மரத்தடி நிழல் கவர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் முள்ளும் மரத்தடியில்தான் கிடக்கும். காற்று வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி வாசலை வையுங்கள். டெண்ட் நிமிர்ந்ததும் முளை அடிப்பதற்கு முன்னால் பெரிய பைகளை உள்ளே போட்டுவிட வேண்டும். பாலைவனக் காற்றில் காலி டெண்ட் உருண்டோட, பின்னாலேயே ஒரு டச்சுத் தம்பதி துரத்திக்கொண்டு ஓடியதை முகாமே நின்று வேடிக்கை பார்த்தது.

சாப்பிட்ட பின் நடப்பது வேடிக்கை. வரிசையாக மூன்று அகலப் பாத்திரங்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், அடுத்ததில் நல்ல தண்ணீர், கடைசியில் கிருமிநாசினி கலந்த தண்ணீர். அதில் முக்கி எடுத்த தட்டைத் துணியால் துடைக்கக் கூடாது. ஈரத் துணிதான் வயிற்றுப்போக்கைக் கூட்டம் முழுக்கப் பரப்பும் என்பது அவர்கள் அனுபவம். அதனால் கைக்கு ஒரு தட்டாகப் பிடித்துக்கொண்டு, உலரும் வரை காற்றில் வீச வேண்டும். நடுக்காட்டில், நெருப்பைச் சுற்றி, பலநாட்டு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் இரண்டு கையிலும் தட்டு வைத்து வீசிக்கொண்டிருக்கும் காட்சியை எந்தச் சஃபாரி விளம்பரத்திலும் போடுவதில்லை. போட வேண்டும்.

சாப்பாட்டில் நம் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. தென்னாப்பிரிக்கப் பகுதி முழுக்க மாலை உணவு என்றாலே 'பிராய்', அதாவது கட்டை நெருப்பில் சுடும் இறைச்சி. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். மூன்று கால் இரும்புச் சட்டியில் மணிக்கணக்கில் கொதிக்கும் 'பொய்க்கி' குழம்பு மணக்க மணக்க இருக்கும். சைவம் என்றால் பணம் கட்டும்போதே எழுத்தில் சொல்லுங்கள், முட்டை உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து. பூசணி, உருளை, பீன்ஸ், 'சக்கலக்கா' என்கிற காரமான காய்கறித் தொக்கு இதெல்லாம் கிடைக்கும். வெள்ளைச் சோள மாவில் கிண்டும் 'பாப்' நம் ஊர்க் களிதான், கையால் பிய்த்துத் தொட்டுத் தின்ன வேண்டியது. என் மனைவி பருப்புப் பொடியும் ஒரு சின்னப் பாட்டில் நல்லெண்ணெயும் எடுத்துவந்திருந்தாள். பாப்பும் பருப்புப் பொடியும் சேர்ந்த அந்தக் கலவையை எங்கள் சமையல்காரர் ருசி பார்த்துவிட்டு, கிளம்பும்போது மீதிப் பொடியை வாங்கி வைத்துக்கொண்டார்.

குளிரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கா, பாலைவனம் என்றதும் நாம் பருத்திச் சட்டைகளாக அடுக்குவோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். பகலில் 25 டிகிரி இருக்கும் அதே இடத்தில் விடியற்காலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். ஸ்லீப்பிங் பேக் கம்பெனியே வாடகைக்குத் தருவதுண்டு, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று கேட்டுவிட்டு எடுங்கள். குல்லா, கையுறை, உள்ளே போடும் தெர்மல் மூன்றும் வேண்டும். திறந்த ஜீப்பில் விடிகாலையில் போகும்போது அடிக்கிற காற்றுக்கு ஊட்டி ஸ்வெட்டர் போதாது.

வழியில் ஸ்வாகோப்முண்டில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு கட்டில், வெந்நீர், துணி துவைக்க ஒரு கடை, ஏடிஎம். கடற்கரை ஊர், பாதி நாள் மூடுபனி. கடலோரம் ஓடும் குளிர்ந்த பெங்குவெலா நீரோட்டம்தான் அந்தப் பனிக்குக் காரணம். மழையே காணாத பாலைவனத்தில் வண்டும் செடியும் பிழைப்பது இந்தப் பனியால்தான். குன்றின் உச்சியில் தலைகீழாகப் பின்புறத்தைத் தூக்கி நின்று, முதுகில் படியும் பனித்துளி வாய்க்கு வழிந்து வரும்படி குடிக்கும் ஒரு வண்டினம் அங்கே உண்டு. ஊர் ஜெர்மானியக் கட்டடங்களோடு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேக் கடைகளைக் காட்டும் பல டூர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று. 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மன் காலனி அரசு கூட்டம் கூட்டமாகக் கொன்றது. சிறைப்பட்டவர்களை அடைத்த முகாம்களில் ஒன்று இந்த ஊரில்தான் இருந்தது. ஊர்க் கல்லறைக்குப் பக்கத்தில் பெயரில்லாத மண்மேடுகள் இருக்கின்றன. அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மனி 2021-இல்தான் ஒப்புக்கொண்டது. எங்கள் கைடிடம் கேட்டோம். வண்டியைத் திருப்பி அங்கே கூட்டிப்போனார், யாராவது கேட்டால்தான் கூட்டிப்போவேன் என்றும் சொன்னார்.

ஸ்பிட்ஸ்கோப்பே வேலி இல்லாத இடம். பக்கத்துக் கிராமத்தாரே நடத்தும் முகாம். வெட்டவெளியில் எழுந்து நிற்கும் சிவந்த கருங்கல் மலை, 1,728 மீட்டர். அதன் அடியில் பாறைக்குப் பாறை தள்ளித் தள்ளி இடம். மின்சாரம் கிடையாது, தண்ணீரை வண்டியிலேயே கொண்டுபோக வேண்டும். அங்கே டெண்டை மறந்துவிட்டு மெத்தையை வெளியே இழுத்துப் போட்டுப் படுத்தோம். ஜூலை மாதத்தில் விருச்சிகம் ஏறக்குறைய நேர் உச்சியில் நின்றது. நம் ஊரில் தெற்கு அடிவானத்தை ஒட்டித் தெரியும் திரிசங்கு நட்சத்திரக் கூட்டம் அங்கே நன்றாக உயரத்தில் இருந்தது. செல்போனில் நட்சத்திரப் படம் எடுக்க நினைக்கிறவர்கள் ஒரு சின்ன டிரைபாட் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஷூ போடும் முன் தலைகீழாகத் தட்டுங்கள், தேள் நாடு அது.

இப்போது எட்டோஷா. 1907-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா, 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நடுவில் சுமார் 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெறும் உப்புப்படுகை, ஒரு புல்கூட முளைக்காது. வறட்சிக் காலத்தில், ஜூன் முதல் அக்டோபர் வரை, படுகையின் தெற்கு ஓரத்து ஊற்றுகளையும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விடும் குட்டைகளையும் விட்டால் குடிக்க வழியில்லை. அதனால் எல்லா மிருகமும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். ஜனவரியில் மழை பெய்துவிட்டால் எங்கே பார்த்தாலும் தண்ணீர், மிருகங்கள் சிதறிவிடும். பச்சையும் பறவைகளும் பிடித்தவர்களுக்கு அது நல்ல காலம், யானைக் கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் இல்லை. அக்டோபரில் கூட்டம் உச்சம், வெயிலும் 40 டிகிரி. ஆகஸ்ட், செப்டம்பர் நடுவாந்திரம்.

பகலில் டிரக்கில் சுற்றினோம். உயரத்திலிருந்து பார்ப்பதால் புதருக்குப் பின்னால் இருப்பதும் தெரியும். இறங்கக் கூடாது, வேலி போட்ட கழிப்பறை இடங்களைத் தவிர. காலை டீயை அளவோடு குடிப்பது நல்லது என்பதை இரண்டாம் மணி நேரத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு குட்டையிலும் சில வண்டிகள் வந்து, பத்து நிமிடம் பார்த்து, "ஒன்றும் இல்லை" என்று கிளம்பிப்போகும். எங்கள் கைடு எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். "தாகம் எல்லாருக்கும் எடுக்கும்" என்பது அவருடைய வாதம். ஒரு குட்டையில் ஒரு ஒட்டகச்சிவிங்கி தண்ணீருக்கு முப்பதடி தள்ளி வந்து நின்றது. நின்றதுதான். ஒரு காலை எடுத்து வைக்கும், தலையைத் திருப்பி அந்தப் பக்கப் புதரைப் பார்க்கும், வைத்த காலைப் பின்னால் எடுக்கும். முக்கால் மணி நேரம் இதுவே நடந்தது. முன்கால் இரண்டையும் அகல விரித்துக் கழுத்தைத் தாழ்த்தினால் அதனால் சட்டென்று எழுந்து ஓட முடியாது, சிங்கத்துக்கு அது தெரியும், ஒட்டகச்சிவிங்கிக்கும் தெரியும். கடைசியில் காலை விரித்துக் குடித்தது. நிமிரும்போது வாயிலிருந்து சிதறிய தண்ணீர் ஒரு வளையமாக வெயிலில் மின்னி விழுந்தது. அடுத்த நிமிடம் அது பார்த்துக்கொண்டிருந்த புதரிலிருந்து ஒரு பெண்சிங்கம் சோம்பலாக எழுந்து வேறு நிழலுக்குப் போய்ப் படுத்தது. பத்து நிமிடத்தில் கிளம்பிப்போன வண்டிகள் சிங்கத்துக்கு முன்னால்தான் நின்றிருந்தன.

வேலிக்கு உள்ளே தங்குவதன் முழு அர்த்தம் ஒகாகுவேயோ முகாமில்தான் தெரிந்தது. முகாமின் ஓரத்திலேயே ஒரு நீர்க்குட்டை. இடையே ஒரு தாழ்ந்த கற்சுவர், உட்கார பெஞ்ச். ராத்திரி முழுக்க மங்கலான விளக்கு. வெளியே தங்கியவர்கள் அந்தி சாய்வதற்குள் கேட்டைத் தாண்டிவிட வேண்டும். முகாமில் இருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு, ஸ்லீப்பிங் பேக்கைத் தோளில் போர்த்திக்கொண்டு போய் உட்காரலாம். அழியும் நிலையில் இருக்கும் கருப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்க உலகத்திலேயே மிகச் சுலபமான இடங்களில் ஒன்று இது. ஒரு தாய் குட்டியோடு வந்தது. எதிர்ப்பக்கத்தில் யானைகள். குட்டி நீர் குடிக்கப் போனபோது ஒரு இளம் யானை காதை விரித்து இரண்டடி முன்னால் வந்தது. தாய் புஸ்ஸென்று மூச்சு விட்டு அப்படியே நின்றது. அந்த மூச்சுச் சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. யானைதான் விலகியது.

அங்கே உட்கார சில நடைமுறைகள். ஃபிளாஷ் வேண்டாம், செல்போன் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். சிப்ஸ் பாக்கெட் கொண்டுபோகாதீர்கள், அந்த அமைதியில் பாக்கெட் கசங்குவது இடி. ஜாக்கெட்டின் ஜிப்பை உட்காரும் முன்பே போட்டுவிடுங்கள். எட்டு மணிக்கு ஒன்றும் இல்லை என்று பாதிப் பேர் படுக்கப் போவார்கள், பத்துக்கு மேல்தான் கச்சேரி களைகட்டும். பைனாகுலர் கேமராவைவிட முக்கியம். இருவருக்கு ஒன்று என்று போனால் சண்டை வரும், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து டெண்ட்காரர் வெளியே விட்டிருந்த செருப்பில் ஒன்றைக் குள்ளநரி தூக்கிப்போய்விட்டது. எட்டோஷாவின் ஹலாலி முகாமில் தேன்வளைக்கரடி குப்பைத்தொட்டியை உருட்டும். தின்பண்டம், பற்பசை, செருப்பு எதுவும் வெளியே இருக்கக் கூடாது. தின்பண்டம் டெண்டுக்கு உள்ளேயும் கூடாது, வண்டியில் பூட்டிவிடுங்கள்.

எட்டோஷாவிலிருந்து வடகிழக்கே போகும் வழியில் ஒரு கால்நடைச் சோதனைச்சாவடி வரும். கோமாரி நோய் தெற்கே பரவாமல் இருக்க நாட்டுக்குக் குறுக்கே போட்ட வேலி அது. வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுவர முடியாது. அந்தக் கேட்டைத் தாண்டியதும் வேறு நாடு. கம்பி வேலி போட்ட ஆளில்லாப் பண்ணைகள் முடிந்து, சாலையோரம் குடிசைகள், ஆடுகள், பள்ளிக்கூடம் விட்டு நடக்கும் பிள்ளைகள். நமீபியர்களில் பெரும்பாலோர் வாழ்வது வடக்கேதான். இங்கே மலேரியா ஆபத்தும் கூடுகிறது.

ஒகவாங்கோ ஆற்றங்கரையில் டெண்ட் அடித்த ராத்திரி, என் மனைவி என்னைத் தட்டி எழுப்பினாள். "என்னங்க, சத்தம் போடாதீங்க. வெளியே ஏதோ மெல்லுது." கறக் கறக் என்று புல்லை வேரோடு பிடுங்கும் சத்தம், காதுக்குப் பக்கத்தில். நீர்யானை. பகலில் தண்ணீரில் கிடந்துவிட்டு ராத்திரி புல் மேயக் கரையேறும். டெண்ட் அதற்கு ஒரு பாறை, சுற்றிக்கொண்டு போய்விடும். ஆனால் அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நின்றால் தொலைந்தோம். ராத்திரி ஒன்றுக்குப் போக வேண்டி வந்தால் கைடு சொல்லித்தந்த முறை இது. முதலில் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து டார்ச்சை இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது கண் மின்னினால் ஜிப்பை மூடிக்கொண்டு காத்திருங்கள். ஒன்றும் இல்லை என்றால் இறங்கி, டெண்டுக்குப் பின்னாலேயே வேலையை முடித்துவிட்டு வாருங்கள். கழிப்பறைக் கட்டடம் வரை நடக்கும் கண்ணியம் அங்கே தேவையில்லை. பாட்டில் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, தப்பில்லை.

போட்ஸ்வானா எல்லையில் பச்சை இறைச்சி, பால், பழம் எல்லாவற்றையும் கேட்பார்கள். காலில் போட்டிருக்கும் ஷூவோடு கிருமிநாசினி நனைத்த பாயில் மிதிக்க வேண்டும். சில சமயம் பையில் இருக்கும் ஷூக்களையும் எடுத்துவரச் சொல்வார்கள், அதனால் அதை அடியில் புதைக்காதீர்கள்.

ஒகவாங்கோ டெல்டாவைப் பற்றி எனக்கு வியப்பு தீரவில்லை. அங்கோலா மலைகளில் கோடையில் பெய்யும் மழை, மாதக்கணக்கில் மெல்ல இறங்கி, போட்ஸ்வானாவில் ஒரு துளி மழையில்லாத குளிர்காலத்தில் வெள்ளமாக வந்து சேருகிறது. கடலைப் பார்க்காமல் அங்கேயே பரந்து, ஆவியாகி, மணலில் இறங்கிவிடுகிறது. 2014-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலின் ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது. 'மொகோரோ' என்ற ஒடுக்கமான ஓடத்தில் நாம் முன்னும் பின்னுமாக உட்கார, பின்னால் ஒருவர் நின்று கழியால் தள்ளுவார். முன்பு பெரிய மரத்தைக் குடைந்து செய்தார்கள். மரங்களைக் காப்பாற்ற இப்போது பெரும்பாலும் ஃபைபர். நாணல் முகத்தில் உரசும், சிலந்தி மடியில் விழும், அலறி எழுந்தால் ஓடம் கவிழும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போதும், அசையாமல் இருங்கள்.

தீவில் தங்கும்போது கழிப்பறை என்பது ஒரு குழி, ஒரு மண்வெட்டி, ஒரு பேப்பர் உருளை. பாதை ஆரம்பத்தில் மண்வெட்டி சாத்தியிருந்தால் காலி, இல்லையென்றால் ஆள் இருக்கிறார். எங்கள் பயணத்தில் இதைவிட ஒழுங்காக நடந்த ஏற்பாடு வேறில்லை. காலையில் ஓடக்காரர்களோடு நடைப்பயணம். ஒற்றை வரிசை, பேச்சு கிடையாது, அவர்கள் நின்றால் நிற்க வேண்டும், எது வந்தாலும் ஓடக் கூடாது. ஓடுவது எல்லாம் இரை என்பதுதான் அங்கே கணக்கு. யானைச் சாணத்தைக் காலால் உடைத்து, உள்ளே ஈரமும் சூடும் பார்த்து எவ்வளவு நேரத்துக்கு முன்னால் போனது என்று எங்கள் ஓடக்காரர் சொன்னபோது, நான் அதுவரை டிரக்கில் பார்த்த காட்டைவிட அதிகமாக அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்தேன்.

சோபே ஆற்றில் படகுச் சவாரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போட்ஸ்வானாவில் 1,30,000 யானைகள் அளவில் இருக்கின்றன, மாலையில் அதில் நல்லதொரு பங்கு ஆற்றுக்கு இறங்குகிறது. படகில் இடது வலது என்று இடம் பிடிக்க அலையாதீர்கள், திரும்பும்போது மாறிவிடும்.

சாமான் விஷயத்தில் முக்கியமானது பை. சக்கரம் வைத்த கடினமான சூட்கேஸை டிரக்கின் லாக்கர் ஏற்காது, மடங்கும் துணிப்பைதான் வேண்டும். பிளக் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். அங்கே பெரும்பாலும் இருப்பது உருண்டை மூன்று பின் வைத்த பெரிய சாக்கெட், நம் வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் போடும் அதே வகை. வீட்டிலிருந்து ஒரு பெரிய பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போனால் முகாமே உங்களைச் சுற்றி நிற்கும். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் சம மதிப்பு, ராண்டை நமீபியாவில் வாங்கிக்கொள்வார்கள். நமீபிய டாலரை வெளியே யாரும் வாங்க மாட்டார்கள், எல்லை தாண்டும் முன் செலவழித்துவிடுங்கள். கைடு, சமையல்காரர், ஓடக்காரர்களுக்கு டிப்ஸ் தனியாக ஒதுக்குங்கள். பூங்காக்களில் டிரோன் கூடாது.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடும் முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் பாருங்கள். வழியில் நமீபியாவுக்குள் மறுபடி நுழைய வேண்டியிருந்தால் ஒருமுறை விசா போதாது. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய்வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்த நோய் உள்ள நாடுகள். சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து வருகிறவர்களை இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

மலேரியா மாத்திரையும் டாக்டர் எழுதித் தர வேண்டியதுதான். நாங்கள் எடுத்தது அட்டோவாக்குவோன், புரோகுவானில் சேர்ந்த வகை. மலேரியா பகுதிக்குள் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் ஆரம்பித்து, வெளியே வந்த பிறகும் ஏழு நாள் போட வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் நான்கு வாரம். ஊருக்கு வந்ததும் வேலை, ஜெட் லாக், சொந்தக்காரர்களுக்குப் படம் காட்டுவது என்று இந்தக் கடைசி மாத்திரைகளைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். திரும்பி வந்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், டெங்கு டெஸ்ட் எழுதும் டாக்டரிடம் நீங்களாகவே ஆப்பிரிக்கா போய்வந்ததைச் சொல்லி, மலேரியா டெஸ்ட்டும் அன்றே எடுக்கச் சொல்லுங்கள்.